குறைந்த செலவில் வேகமான கேமிங் மானிட்டர்: தேர்வு முதல் மேசையில் பொருத்துவது வரை

பொங்கலுக்குத் திருமங்கலத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், விநாடிக்கு 165 முறை படத்தைப் புதுப்பிக்கும் 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றை வாங்கியிருந்தான். வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. "பழைய மானிட்டருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை, மாமா" என்றான்.

மவுஸைப் பிடித்துத் திரையில் வேகமாக ஒரு வட்டம் போட்டேன். அம்புக்குறி விட்டுவிட்டுத் தெரிந்தது. ஒரு சுற்றுக்குள் எத்தனை அம்பு என்று எண்ணிவிடலாம் போல இருந்தது. விண்டோஸ் அமைப்புக்குள் போய்ப் பார்த்தால் 60 ஹெர்ட்ஸ். மாற்றலாம் என்று பட்டியலைத் திறந்தோம். 165 அதில் இல்லவே இல்லை. மேசைக்குப் பின்னால் கைவிட்டு இழுத்ததும் கையோடு வந்தது, எப்போதோ செட்டாப் பாக்ஸோடு கொடுத்த பழைய எச்டிஎம்ஐ கேபிள். மானிட்டரோடு வந்த டிஸ்பிளேபோர்ட் கேபிள் உறைகூடப் பிரிக்காமல் பரணில் பெட்டிக்குள் கிடந்தது. அதை எடுத்து மாட்டி, 165ஐத் தேர்ந்தெடுத்து, மறுபடியும் வட்டம் போட்டேன். பாதிச் சுற்றிலேயே மவுஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

மானிட்டர் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் அன்றிலிருந்து ஒன்றைத்தான் முதலில் சொல்கிறேன். பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஹெர்ட்ஸுக்குப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் கண்ணுக்கு வந்து சேரப்போகும் ஹெர்ட்ஸுக்குக் கொடுங்கள். விளையாட்டு, கிராபிக்ஸ் கார்டு, போர்ட், கேபிள், விண்டோஸ் அமைப்பு, கடைசியாகத் திரை என்று ஆறு இடம் தாண்டித்தான் படம் கண்ணுக்கு வருகிறது. ஓரிடத்தில் அடைத்தாலும் கொடுத்த காசு அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் படி: கையில் இருக்கும் கணினி எவ்வளவு தரும்?

ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு விநாடியில் எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. எஃப்பிஎஸ் என்பது கிராபிக்ஸ் கார்டு ஒரு விநாடியில் எத்தனை படம் வரைந்து தருகிறது என்ற கணக்கு. மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் நிலையத்துக்கு நிமிடத்துக்கு ஒரு டவுன் பஸ் விட்டாலும், ஏறுவதற்கு ஆள் வந்தால்தானே பஸ்ஸால் பயன்? திரை பஸ் என்றால் கார்டு தரும் படம் பயணி. கார்டு 60 படம் மட்டுமே தருகிறது என்றால் 180 ஹெர்ட்ஸ் திரையும் அந்த 60 படத்தையே திரும்பத் திரும்பக் காட்டும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் அளந்து பாருங்கள். விண்டோஸ் விசையோடு ஜி எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் கேம் பார் திறக்கும். அதன் செயல்திறன் பெட்டியில் எஃப்பிஎஸ் எண் ஓடும். பெரும்பாலான விளையாட்டுகளின் அமைப்புக்குள்ளும் இந்த எண்ணைக் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது. நீங்கள் அதிகம் ஆடும் விளையாட்டை அரை மணி நேரம் ஆடுங்கள். இடையில் எட்டிப்பார்க்கும் பெரிய எண்ணை விட்டுவிடுங்கள். நாலு பேர் சேர்ந்து சுடும்போது, புகைக்குண்டு வெடிக்கும்போது எண் எதுவரை இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கீழ் எண்ணை வைத்துத்தான் மானிட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேலரன்ட் போன்ற இலகுவான விளையாட்டு, ஜிடிஎக்ஸ் 1650 மாதிரியான பழைய கார்டிலேயே குறைந்த அமைப்பில் 144ஐத் தாண்டிவிடும். அதே கார்டு சைபர்பங்க் 2077 விளையாட்டில் 60ஐத் தொடவே திணறும். கதை சொல்லும் விளையாட்டுகளை மட்டுமே ஆடுகிறவர், கார்டும் பழையது என்றால், ஹெர்ட்ஸுக்குக் கூடுதலாகச் செலவழிப்பதைவிட நல்ல நிறம் தரும் 100 ஹெர்ட்ஸ் திரையே அவருக்குப் போதும்.

தனி கார்டு இல்லாமல், பிராசசரோடு வரும் கிராபிக்ஸிலேயே ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கணினியில் ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால், அதற்கு இணையான இன்னொரு குச்சியை முதலில் போடுங்கள். அந்த வகைக் கிராபிக்ஸ் தன் வேலைக்கு ரேமையே நம்பியிருக்கிறது. இரண்டு குச்சி ஓடும்போது தரவு செல்லும் பாதை இரட்டிப்பாகிறது; எஃப்பிஎஸ் கண்ணுக்குத் தெரியும் அளவு ஏறும். மானிட்டரை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: எத்தனை ஹெர்ட்ஸ்?

60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லி விநாடி நிற்கிறது. 100 ஹெர்ட்ஸில் 10. 144இல் 6.9. 165இல் 6.1. 180இல் 5.6. 240இல் 4.2. இந்த எண்களைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். 60இலிருந்து 144க்கு ஏறும்போது ஏறக்குறைய 10 மில்லி விநாடி மிச்சமாகிறது. 144இலிருந்து 180க்கு ஏறினால் மிச்சம் 1.4 மட்டுமே. 144இலிருந்து 240க்குப் போனாலும் 2.8ஐத் தாண்டாது. பெட்டியில் எண்கள் பெரிதாகத் தாவுகின்றன. கண்ணுக்குக் கிடைக்கும் லாபமோ வேகமாகச் சுருங்கிவிடுகிறது.

ஆட்டத்தில் இது எப்படி இருக்கும்? ஒரு வாசலின் குறுக்கே எதிராளி பத்தில் ஒரு விநாடியில் ஓடிக் கடக்கிறான் என்று வையுங்கள். 60 ஹெர்ட்ஸில் அவனை ஆறு படங்களில் பார்ப்பீர்கள். 144இல் பதினான்கு படங்கள். எந்தப் பக்கம் போகிறான், குனிகிறானா என்பது அந்தக் கூடுதல் எட்டுப் படங்களில் தெரிந்துவிடும்.

என் தீர்ப்பு இது: 144ஐத் தொட்டுவிட்டால் போதும். 165, 180 அதே விலையில் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கென்று ஆயிரம் ரூபாய் கூட்டித் தராதீர்கள். போட்டிகளுக்குப் பயிற்சி எடுக்கிறவர்கள் மட்டும் 240ஐப் பற்றி யோசிக்கலாம், அதுவும் கணினி 240 எஃப்பிஎஸ்ஸை விடாமல் தருமென்றால்.

பிரவுசிங் சென்டர் காலத்துப் பெருத்த பின்பக்கம் கொண்ட கண்ணாடிக்குழாய் மானிட்டர்கள் பல 85 ஹெர்ட்ஸில் ஓடின. தட்டைத் திரை வந்ததும் எல்லாம் 60க்கு இறங்கின. மேசையில் இடம் கிடைத்த மகிழ்ச்சியில் நாம் அதைக் கவனிக்கவில்லை.

மூன்றாம் படி: அளவும் துல்லியமும்

நம் வீடுகளில் கணினி மேசையின் அகலம் பெரும்பாலும் இரண்டடி. சுவரோடு ஒட்டி வைத்து உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் இடையே 60 சென்டிமீட்டர் கிடைப்பதே பெரிது. அந்தத் தூரத்தில் 24 அங்குலம் முழுத் திரையையும் கழுத்தைத் திருப்பாமல் பார்க்க வைக்கும். சுடும் விளையாட்டில் மூலையில் இருக்கும் வரைபடத்தை ஓரக்கண்ணால் பார்க்க முடிவது சிறிய விஷயமே அல்ல.

24 அங்குலத்தில் 1080பி (1920க்கு 1080 புள்ளி) படம் என்றால் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள். அதே 1080பியை 27 அங்குலத்தில் நீட்டினால் 82 புள்ளிகளாகக் குறைகிறது; எழுத்தின் ஓரங்களில் படிக்கட்டு தெரிய ஆரம்பிக்கும். அதே மானிட்டரில் பாடமும் படிக்கப்போகிறீர்கள், கணக்கும் எழுதப்போகிறீர்கள் என்றால் 27 அங்குல 1080பியைத் தவிர்த்துவிடுங்கள். பெரிய திரைதான் வேண்டும் என்றால் 27 அங்குலத்தில் 1440பி (2560க்கு 1440 புள்ளி) வாங்குங்கள். 109 புள்ளி கிடைக்கும், கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். ஆனால் 1080பியில் சுமார் 21 லட்சம் புள்ளிகளை வரைந்த கார்டு, 1440பியில் 37 லட்சம் புள்ளிகளை வரைய வேண்டும். முதல் படியில் குறித்துவைத்த எஃப்பிஎஸ் கணிசமாக இறங்கும்.

வளைந்த திரை 24 அங்குலத்தில் தேவையில்லை.

நான்காம் படி: பேனல்

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஹெர்ட்ஸ் எண் பெரிய எழுத்தில் இருக்கும். பேனல், அதாவது படம் தெரியும் பலகை, எந்த வகை என்பது பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. மூன்று வகை உண்டு: டிஎன், விஏ, ஐபிஎஸ்.

டிஎன் வேகமானது. ஆனால் நேராக உட்கார்ந்து பார்த்தால்தான் நிறம் சரியாக இருக்கும். கொஞ்சம் கீழிருந்து பார்த்தால் நிறம் புரண்டு, முகம் நெகட்டிவ் பிலிம் போலத் தெரியும். பக்கத்தில் தம்பியோ தங்கையோ உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் வீட்டுக்கு இது ஒத்துவராது. இன்று புதிதாக வாங்குகிறவர் இதை எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

விஏ பேனலின் பலம் கறுப்பு. அதன் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், சுமார் 3000க்கு 1; ஐபிஎஸ்ஸில் சுமார் 1000க்கு 1. இருட்டறையில் படம் பார்த்தால் விஏயின் கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கும். அதன் பலவீனமும் கறுப்பில்தான் இருக்கிறது. கறுப்பிலிருந்து அடர் சாம்பல் நிறத்துக்கு மாற, விலை குறைந்த விஏ பேனலுக்கு 20 மில்லி விநாடிக்கு மேலும் ஆகிவிடும். 144 ஹெர்ட்ஸில் ஒரு படத்தின் ஆயுளே 6.9 மில்லி விநாடிதான் என்பதை நினைவில் வையுங்கள். முந்தைய படம் அழியும் முன் அடுத்தடுத்து இரண்டு மூன்று படங்கள் வந்து விழுகின்றன. இரவுக் காட்சியில் இருண்ட சுவரை ஒட்டி ஒருவன் ஓடினால், ஈர மையை விரலால் இழுத்தது போல அவன் பின்னால் ஒரு கறை இழுபடும். வெளிச்சமான காட்சியில் இது தெரியாது. கடைக்காரர் காட்டும் விளம்பரப் படம் எப்போதும் வெளிச்சமாகவே இருக்கும்.

ஐபிஎஸ் நிறத்தில் நம்பகமானது, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மாறாது. சில ஆண்டுகளாக வரும் வேகமான ஐபிஎஸ் பேனல்கள் 144 ஹெர்ட்ஸுக்கு ஈடுகொடுக்கின்றன. குறை, கறுப்பு சற்று வெளுத்திருக்கும். இருட்டில் மூலைகளில் மங்கலான ஒளி கசிவது போலத் தோன்றும். ஆனால் நம் ஊரில் யார் இருட்டில் உட்கார்ந்து ஆடுகிறோம்? கூடத்தில் டியூப் லைட் எரியும், பின்னால் அம்மா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார், பகலில் ஜன்னல் திறந்திருக்கும். அத்தனை வெளிச்சத்தில் 3000க்கும் 1000க்கும் உள்ள வேறுபாடு பெருமளவு கரைந்துபோகிறது. விஏயின் பலம் நம் வீட்டில் தெரியாது, பலவீனம் மட்டும் தெரியும். அதனால் எனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஐபிஎஸ்ஸையே சொல்கிறேன்.

இதே காரணத்துக்காகப் பிரகாசத்தையும் பாருங்கள். 250 நிட்ஸ் குறைந்தபட்சம். 300 இருந்தால் சித்திரை மாதப் பகலில் ஜன்னலைச் சாத்தாமல் ஆடலாம். எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்று சொல்லும் எஸ்ஆர்ஜிபி அளவு 95 சதவீதத்துக்கு மேல் என்று இருந்தால் நல்லது. என்டிஎஸ்சி என்ற இன்னொரு நிற அளவில் 45 சதவீதம் என்று எழுதியிருந்தால் நிறம் வெளிறிப் போயிருக்கும், வேண்டாம். வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் காட்டுவதைக் குறிக்கும் எச்டிஆர் என்ற முத்திரைக்கு இந்த விலையில் மதிப்பில்லை. வெசா அமைப்பின் டிஸ்பிளே எச்டிஆர் சான்றிதழில் அடிப்படைப் படிக்கே 400 நிட்ஸ் வேண்டும். 250 நிட்ஸ் திரை அதை எப்படிக் காட்டும்?

ஐந்தாம் படி: அந்த 1 மில்லி விநாடி

ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் 1 எம்எஸ் என்று இருக்கும். அதன் பக்கத்தில் ஜிடிஜி என்று இருந்தால், ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பலுக்குப் புள்ளி மாறும் நேரம். அதுவும் நிறுவனம் தனக்குச் சாதகமான ஒரு நிற மாற்றத்தை வைத்து அளந்தது. எம்பிஆர்டி என்று இருந்தால், பின்னொளியை அணைத்து அணைத்து ஏற்றி மங்கலைக் குறைத்துப் பெற்ற எண். அந்த வசதியைப் போட்டால் திரையின் பிரகாசம் இறங்கிவிடும். பெரும்பாலான மானிட்டர்களில் அடுத்த படியில் சொல்லப்போகும் ஒத்திசைவும் அதோடு சேர்ந்து வேலை செய்யாது. ஆகவே இந்த எண்ணை வைத்து இரண்டு மானிட்டர்களை ஒப்பிடாதீர்கள்.

ஆறாம் படி: ஒத்திசைவு

எஃப்பிஎஸ் ஒரே சீராக இருப்பதில்லை; 130, 95, 110 என்று ஏறி இறங்கும். திரை தன் போக்கில் ஒரே தாளத்தில் ஓடினால், பாதி பழைய படமும் பாதி புதுப் படமும் சேர்ந்து திரை நடுவில் கிழிந்தது போலத் தெரியும். ஒத்திசைவு வசதி இருந்தால் அடுத்த படம் தயாராகும் வரை திரை பொறுத்திருந்து புதுப்பிக்கும். டவுன் பஸ் நேரத்துக்குக் கிளம்பும்; ஷேர் ஆட்டோ ஆள் ஏறியதும் கிளம்பும். இது ஷேர் ஆட்டோ முறை.

ஏஎம்டி நிறுவனத்தின் ஃப்ரீசிங்க், என்விடியாவின் ஜி-சிங்க் என்று இரண்டு பெயர்களைப் பார்ப்பீர்கள். தொடக்கத்தில் ஜி-சிங்க் மானிட்டருக்குள் என்விடியாவின் தனிப் பலகை தேவைப்பட்டது, விலையும் ஏறியது. 2019 ஜனவரியில் என்விடியா தன் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து தொடங்கும் கார்டுகளைச் சாதாரண ஒத்திசைவு மானிட்டர்களோடும் ஓடவிட்டது. எனவே ஏஎம்டி கார்டானாலும், அந்த வரிசையோ அதற்குப் பிந்தையதோ ஆன என்விடியா கார்டானாலும் ஃப்ரீசிங்க் மானிட்டரை வாங்கலாம். என்விடியாக்காரர்கள் டிஸ்பிளேபோர்ட் வழியாக இணைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

விவரப் பட்டியலில் 48 முதல் 144 வரை என்பது போல ஓர் எல்லை இருக்கும். மேல் எண் கீழ் எண்ணைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எஃப்பிஎஸ் 40க்கு இறங்கினாலும் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை காட்டி 80 ஹெர்ட்ஸில் ஓட்டிச் சமாளிக்க முடியும்.

ஏழாம் படி: போர்ட்டும் கேபிளும்

அக்கா மகன் ஏழு மாதம் இழந்தது இங்கேதான். எச்டிஎம்ஐ 1.4 என்றால் 1080பியில் 120 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம். எச்டிஎம்ஐ 2.0 என்றால் 1080பியில் 240, 1440பியில் 144. டிஸ்பிளேபோர்ட் 1.2 என்றால் 1440பியில் 165 வரை போகும்; 1.4 இருந்தால் இந்த விலை மானிட்டர்களுக்கு எந்தக் கவலையும் இல்லை. ஒரே மானிட்டரில் டிஸ்பிளேபோர்ட் 180ஐத் தரும், எச்டிஎம்ஐ 144ஓடு நின்றுவிடும் என்பது சாதாரணம். இது விவரப் பட்டியலின் கடைசி வரிகளில் இருக்கும்; வாங்கும் முன் படியுங்கள்.

மடிக்கணினியில் இணைக்கப்போகிறீர்கள் என்றால், அதில் எச்டிஎம்ஐ எந்தப் பதிப்பு, யுஎஸ்பி-சி துளை படத்தை வெளியே அனுப்புமா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். எல்லா யுஎஸ்பி-சி துளையும் அனுப்பாது. பிளேஸ்டேஷன் 5க்கு என்றால் டிஸ்பிளேபோர்ட்டே கிடையாது, எச்டிஎம்ஐ மட்டும்தான். அதன் ஒத்திசைவுக்கு எச்டிஎம்ஐ 2.1 வகை வேண்டும். ஃப்ரீசிங்க் முத்திரை மட்டும் இருக்கும் மானிட்டரில் அது வராது.

எட்டாம் படி: மதுரையில் வாங்குவது

விலை மாறிக்கொண்டே இருக்கும், தோராயமாகச் சொல்கிறேன். 7,000 முதல் 8,500 ரூபாய்க்குள் 24 அங்குல 100 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் கிடைக்கும். 9,000 முதல் 12,000க்குள் அதே அளவில் 144 முதல் 180 ஹெர்ட்ஸ். 15,000 முதல் 20,000க்குள் 27 அங்குல 1440பி. நம்மில் பெரும்பாலோருக்கு நடுவில் இருப்பதே சரி. எல்ஜியின் அல்ட்ராகியர், ஏசரின் நைட்ரோ, சாம்சங்கின் ஒடிசி, எம்எஸ்ஐ, ஜிகாபைட், ஏஓசி என்று எல்லாரிடமும் இந்த விலையில் ஏதாவது ஒன்று இருக்கிறது. வரிசைப் பெயரை நம்பாமல் முழு மாடல் எண்ணையும் பாருங்கள். ஒரே பெயரில் ஐபிஎஸ்ஸும் வரும், விஏயும் வரும்.

டவுன் ஹால் ரோட்டிலோ பைபாஸ் ரோட்டிலோ கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவ் எடுத்துச் செல்லுங்கள். அதில் முழுக் கறுப்பு, முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படங்கள் இருக்கட்டும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் மானிட்டர் பெரும்பாலும் 60இல்தான் ஓடும். "அண்ணே, டிஸ்பிளேபோர்ட்டில் மாட்டி முழு ஹெர்ட்ஸில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். மவுஸால் வட்டம் போடுங்கள். இணையம் இருந்தால் டெஸ்ட் யுஎஃப்ஓ என்ற சோதனைப் பக்கத்தைத் திறந்து, திரையில் ஓடும் பறக்கும் தட்டுப் படங்களின் பின்னால் எவ்வளவு நிழல் விழுகிறது என்று பாருங்கள். பிறகு ஐந்து நிறப் படங்களையும் ஒவ்வொன்றாகத் திரை முழுக்கப் போட்டு, மாறாத புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று மூலை மூலையாகத் தேடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகப்போகும் அதே பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு புள்ளிகள் செத்திருந்தால் அதைப் பழுதாகவே பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. கடைக்காரர் மாற்றித் தருவாரா என்பதைப் பணம் கொடுக்கும் முன் பேசி, பில்லில் எழுதி வாங்குங்கள்.

பில் இல்லாமல் விலை குறைத்துத் தருவதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மானிட்டருக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.; அதை மிச்சம் பிடித்தால் கூடவே உத்தரவாதமும் போய்விடும். பல நிறுவனங்கள் மானிட்டருக்கு 3 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. ஆனால் சர்வீஸ் சென்டர் மதுரையில் இருக்கிறதா, வீட்டுக்கு வருவார்களா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதுதான் முக்கியமான கேள்வி. நண்பர் ஒருவர் விலை மலிவு என்று வாங்கிய மானிட்டரில் கோடு விழுந்தபோது, அதைச் சென்னைக்கு அனுப்பினால்தான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் பழைய தொலைக்காட்சியில் வேலை பார்த்தார். உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் இருப்பவர்கள், தங்கள் பின்கோடுக்கு வீடு தேடி வரும் சேவை உண்டா என்று நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இணையத்தில் வாங்கினால் ஆயுத பூஜை, தீபாவளியை ஒட்டிய தள்ளுபடியில் நல்ல விலை கிடைக்கும். பணம் திரும்பத் தருவார்களா, மாற்றிக் கொடுப்பது மட்டும்தானா என்று படித்துப் பாருங்கள். பெட்டியின் ஒட்டுநாடாவை அறுப்பதிலிருந்து திரை எரிவது வரை இடையில் நிறுத்தாமல் செல்பேசியில் படம் பிடியுங்கள்.

பெட்டியைக் கொண்டுவருவதிலும் கவனம் வேண்டும். நின்ற நிலையிலேயே வைக்க வேண்டும். படுக்க வைத்தால் குலுங்கும் பஸ்ஸில் திரையின் நடுப்பகுதி அழுந்தும். இரு சக்கர வாகனத்தில் என்றால் பின்னால் ஒருவர் உட்கார்ந்து இரு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். தேரோட்டத்தன்று மாசி வீதிகள் பக்கம் மானிட்டரோடு போகவே வேண்டாம்.

ஒன்பதாம் படி: வீட்டில் முதல் நாள்

கேபிளைக் கிராபிக்ஸ் கார்டின் துளையில் சொருகுங்கள். மதர்போர்டின் துளை மேலே செங்குத்தாக இருக்கும், கார்டின் துளை கீழே படுக்கைவாட்டில் இருக்கும். பலர் மேலே சொருகிவிட்டுக் கார்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். பிறகு விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போய் அதிகபட்ச ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். மானிட்டரின் சொந்த மெனுவில் ஃப்ரீசிங்க்கை இயக்குங்கள், கார்டின் மென்பொருளிலும் இயக்குங்கள். விளையாட்டுக்குள் போய் அங்கும் 60 என்று பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒத்திசைவு சீராக வேலை செய்ய, எஃப்பிஎஸ் உச்சவரம்பைத் திரையின் ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். 144 என்றால் 141.

மெனுவில் ஓவர்டிரைவ் என்றோ ரெஸ்பான்ஸ் டைம் என்றோ ஒன்று இருக்கும். அதை நடுப்படியில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் புள்ளிகள் மாற வேண்டிய அளவைத் தாண்டிப் போய், ஓடும் உருவத்தைச் சுற்றி வெளிர்க்கோடு தெரியும். பிரகாசம் தொழிற்சாலை அமைப்பில் கண்ணைப் பறிக்கும்படி இருக்கும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, திரையின் வெள்ளை அந்தத் தாளின் வெளிச்சத்துக்கு இறங்கும்வரை குறையுங்கள்.

ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டும். இந்த விலையில் வரும் தாங்கிகள் பெரும்பாலும் சாய மட்டுமே செய்யும், உயராது. ஒரு மரப்பலகை வைத்து உயர்த்திக்கொள்ளலாம். பின்னால் நான்கு திருகுத் துளைகள் இருந்தால் பிற்பாடு மானிட்டரைத் தாங்கும் உலோகக் கை ஒன்றை வாங்கி மாட்டலாம்.

மின்சாரமும் பராமரிப்பும்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்துவிட்டு வரும். கோடைமழையில் வரும் தடை சொல்லிவிட்டு வராது, மின்சாரம் திரும்பும்போது அழுத்தமும் ஏறி இறங்கும். 24 அங்குல மானிட்டர் இழுப்பது 20 முதல் 30 வாட்தான். யுபிஎஸ்ஸின் பாரம் கணினியில் இருக்கிறது. தனி கார்டு போட்ட கணினிக்கு 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யுபிஎஸ் விளையாட்டின் நடுவில் திணறும். 1,000 விஏக்கு மேல் பாருங்கள். மானிட்டரையும் யுபிஎஸ்ஸில்தான் இணைக்க வேண்டும். கணினி மட்டும் ஓடித் திரை அணைந்துவிட்டால் எதைச் சேமிப்பது?

தூசிக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். கறை இருந்தால் துணியில் இரண்டு சொட்டுத் தண்ணீர். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் திரைமேல் நேரடியாகத் தெளித்தால் அது கீழ் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும், மேல்பூச்சையும் அரிக்கும். ஆயுத பூஜையன்று அக்கா எல்லாப் பொருளுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். சந்தனம் காய்ந்தபின் அதைத் தேய்த்து எடுத்தால் திரையின் மேல்பூச்சில் கீறல் விழும் என்று சொன்னேன். இந்த முறை பொட்டைத் தாங்கியின் அடியில் வைத்தார். திரைக்கு மேலே ஒரு சாமந்தி மட்டும் இருந்தது.